ஐம்பத்தொன்பது முத்திரையும் ஒரு கோழியும்

த்ரோஸ்தோவா கத்தோலிக்கப் பங்கில் ஒரு பிள்ளையின் விசுவாசம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்டால் யாரும் தலையைச் சொறிய மாட்டார்கள். மற்ற ஊர்களில் அதற்கு ஆண்டவரைத்தான் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். இங்கே பங்கு அலுவலகத்தில் லெயோகாதியா அம்மாளைக் கேட்டால் போதும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பதிவேட்டைப் புரட்டி, "முப்பத்தேழு" என்பார். அறுபதுக்கு முப்பத்தேழு. அறுபது வந்துவிட்டால் ஆயர் வந்து நெற்றியில் தைலம் பூசி உறுதிபூசுதல் கொடுப்பார். ஐம்பத்தொன்பது என்றால் பிள்ளை இன்னும் வளரவில்லை என்று அர்த்தம்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் பங்குத்தந்தை ஹொனோரத். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நல்ல குரல், நல்ல தொந்தி, சாவு வீட்டில் உண்மையாகவே அழுவார். இளவட்டங்கள் கோவில் பக்கமே வருவதில்லை என்ற ஒரே கவலைதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. செப்டம்பர் முதல் ஞாயிறன்று, பதினைந்து வயதுப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரையும் அவர்களைப் பெற்றவர்களையும் பங்கு மண்டபத்தில் உட்காரவைத்துப் பேசினார்.

"அன்பான பெற்றோர்களே! இத்தனை வருஷமா பிள்ளைங்களோட விசுவாசத்தை வீடு பாத்துக்கும்னு கோவில் நம்புச்சு. கோவில் பாத்துக்கும்னு வீடு நம்புச்சு. நடுவுல பிள்ளை போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. இனிமே நான் வீட்டையும் நம்பப் போறதில்ல, கோவிலையும் நம்பப் போறதில்ல. முத்திரையை மட்டும்தான் நம்பப் போறேன்!"

கைதட்டல் பலமாக இருந்தது. கைதட்டியவர்களில் லுட்விக்கும் ஒருவர். ஊர்ப் பேருந்தின் நாலாம் நம்பர் தடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். ஏறுகிறவர்கள் டிக்கெட்டைத் தாங்களே பெட்டிக்குள் விட்டு முத்திரை குத்திக்கொள்வார்கள்; குத்தியவன் எங்கே போகிறான், போய் என்ன செய்கிறான் என்பதை லுட்விக் கேட்டதில்லை. அதனால் சாமி சொன்னது அவருக்கு நியாயமாகவே பட்டது.

பிள்ளைகளுக்கு நீல அட்டைப் புத்தகம். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம். ஞாயிறு பூசைக்கு ஒரு முத்திரை, மாதம் ஒரு பாவசங்கீர்த்தனத்துக்கு ஒன்று, அக்டோபர் செபமாலைக்கு, தவக்காலச் சிலுவைப் பாதைக்கு என்று அறுபது கட்டம். குடும்பத்துக்குப் பச்சை அட்டைப் புத்தகம். வீடுதான் முதல் கோவில் என்பதால் தினம் மாலை ஏழரைக்குக் குடும்பமாகச் செபிக்க வேண்டும். செபித்ததற்குக் கையெழுத்து வேண்டும். வீட்டார் கையெழுத்து செல்லாது, அவர்கள் பொய் சொல்லக்கூடும்; பக்கத்து வீட்டார்தான் போட வேண்டும்.

லுட்விக்கின் வீட்டுக்கு மேல் மாடியில் இருந்தவர் அலோயிசி. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். கடவுள் இல்லை என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆனால் வேறு ஆள் இல்லை. தினமும் ஏழரைக்கு இறங்கி வருவார். லுட்விக்கின் மனைவி பொஷெனா ஊற்றிக்கொடுக்கும் டீயைக் குடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். செபமாலை முடிந்ததும், "ம், செபிச்சாங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கிறிஸ்துமஸ் வருவதற்குள் மனிதருக்கு முழுச் செபமாலையும் மனப்பாடம்.

"லுட்விக், நீங்க ஒம்பதாவது மணிய முழுங்கிட்டீங்க."

"உங்களுக்குத்தான் நம்பிக்கையே இல்லையே ஐயா, விட்டா என்ன?"

"நம்பிக்கை வேற. நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்ல? முழுங்குனதுக்கெல்லாம் என்னால போட முடியாது. மறுபடி சொல்லுங்க."

கோவிலிலும் வளர்ச்சி வேகமாகத்தான் இருந்தது. முத்திரை குத்துவது பூசை முடிந்த பிறகு, சாமி உடுப்பு மாற்றும் அறையில். நாற்பத்தொரு பேர் என்பதால் வரிசை. முதலில் பிள்ளைகள் கடைசி ஆசீர் முடிந்ததும் ஓடி வரிசையில் நின்றார்கள். பிறகு நற்கருணை நேரத்திலேயே. பிறகு பிரசங்கம் ஆரம்பித்ததுமே. நவம்பர் மாதத்தில் பூசைக்கு மணி அடிக்கும்போதே நாற்பத்தொரு பேரும் அறைக்கு வெளியே நடைவழியில் வரிசையாக நின்றிருந்தார்கள். அங்கிருந்து பீடம் தெரியாது, சத்தமும் கேட்காது. பூசை கோவிலில் நடந்தது; பிள்ளைகள் நடைவழியில் வளர்ந்தார்கள். "எவ்வளவு ஒழுங்கா நிக்குதுங்க பாருங்க!" என்று சாமி பூரித்துப்போனார்.

லுட்விக்கின் மகள் யாகோதா அந்த வரிசையில் எப்போதும் கடைசி. பூசை முடிந்த பிறகு வந்து நிற்கிற ஒரே பிள்ளை அவள்தான்.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு காலை. லுட்விக்கின் தங்கை தெக்லாவுக்குப் பத்து நாள் முன்னதாகவே வலி கண்டுவிட்டது. கணவன் நார்வேயில் கப்பல் பட்டறையில் வேலை. லுட்விக் காரை எடுத்தார். யாகோதா கோவிலுக்குக் கிளம்பிய உடுப்போடு பின் சீட்டில் ஏறி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது மணிக்குப் பிடித்த கையைப் பிற்பகல் மூன்றரைக்குத்தான் விட்டாள். தெக்லா பிழைப்பாளா என்று நடுவில் ஒரு மணி நேரம் யாரும் சொல்லத் தயாராயில்லை. கடைசியில் பெண் குழந்தை, கலினா.

"அண்ணே," என்றாள் தெக்லா, தலையணையில் இருந்தபடியே. "இவளுக்கு ஞானத்தாய் உன் பொண்ணுதான். வேற யார் பேரையும் எங்கிட்ட சொல்லாதே."

"அவளுக்கு இன்னும் உறுதிபூசுதல் ஆகலியே, தெக்லா. ஆகாம ஞானத்தாயா நிக்கவிட மாட்டாங்க."

"ஜூன்ல ஆயிருதுல்ல? அவரும் ஜூன்லதான் ஒரு வாரம் லீவுல வர்றாரு. அன்னிக்கே ஞானஸ்நானம்."

யாகோதா குழந்தையின் விரலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதற்கு முன் யாரும் எதையும் நம்பிக் கொடுத்ததில்லை. வீட்டுச் சாவிகூடக் கொடுத்ததில்லை. பொஷெனா கறாரான பெண்மணி.

மறுநாள் லுட்விக் பங்கு அலுவலகத்துக்குப் போனார். ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"பிரசவம் லிஸ்ட்ல இல்லீங்களே," என்றார் லெயோகாதியா அம்மாள். "சாவு இருக்கு. அத்தை சாவு, மாமா சாவு வரைக்கும் ஒத்துக்குவோம். காய்ச்சல் இருக்கு, முப்பத்தெட்டரை டிகிரிக்கு மேல. பிரசவம் இல்ல."

"அம்மா, ஒரு உசிரு பொறந்திருக்கு."

"ரொம்ப சந்தோஷம். யாருக்கு? உங்க பொண்ணுக்கா?"

"ஐயையோ! என் தங்கச்சிக்கு."

"அப்ப உங்க தங்கச்சிக்கு விலக்கு உண்டு. அவங்க அன்னிக்குப் பூசைக்கு வராதது பரவால்ல."

"என் பொண்ணு வேற ஒரு நாள் ரெண்டு பூசைக்கு வந்து ஈடுகட்டட்டுமே?"

"அந்தத் தேதிக் கட்டத்துல அந்தத் தேதிதானே வர முடியும்? லுட்விக், நீங்க பஸ்ஸு ஓட்டுறவரு. நேத்து எட்டு மணி பஸ்ஸ இன்னிக்கு ஓட்ட முடியுமா?"

லுட்விக் வீட்டுக்கு வந்தார். யாகோதா பள்ளிக்கூடம் போயிருந்தாள், பொஷெனா வேலைக்கு. அடுப்படியில் நீலப் புத்தகம் கிடந்தது. கூடையில் உருளைக்கிழங்கு கிடந்தது. பெரியதாக ஒன்றை எடுத்துப் பாதியாக நறுக்கினார். மற்ற முத்திரைகளைப் பார்த்துச் செதுக்கலாம் என்றால் அவற்றில் ஒன்றும் தெரியவில்லை. பங்கு முத்திரை தேய்ந்து வெறும் மைத்திட்டாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. வட்டத்துக்குள் பரிசுத்த ஆவியின் புறா என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். லுட்விக் வாழ்நாளில் புறா வரைந்ததில்லை. இறக்கை வைத்தார், அலகு வைத்தார். வெறுமையாக இருப்பதுபோல் தோன்றவே கீழே இரண்டு கால் வைத்தார். மையைத் தடவி, காலிக் கட்டத்தில் ஒரே குத்து.

மாலையில் யாகோதா புத்தகத்தைத் திறந்தாள்.

"அப்பா, இது யாரு வீட்டுக் கோழி?"

"கோழி இல்ல, புறா."

"கால் இருக்கு."

"புறாவுக்குக் கால் இல்லியா?"

"பறக்கிற புறாவுக்கு இப்படித் தொங்காதுப்பா. இது தீனி பொறுக்குது."

"பேசாம மூடி வை. உனக்கு ஞானத்தாய் ஆகணுமா வேண்டாமா?"

அவள் மூடி வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

மார்ச் மாதத்தில் ஒரு பையன் கட்டைவிரலை மையில் தோய்த்துத் தன் புத்தகத்தில் பதினோரு இடத்தில் ஒற்றியிருந்தது தெரியவந்தது. பங்கு முத்திரைக்கும் அவன் விரலுக்கும் வித்தியாசமே இல்லை. ஹொனோரத் சாமி நாற்பத்தொரு புத்தகத்தையும் வரவழைத்தார். பெற்றவர்களையும் வரவழைத்தார். பூதக்கண்ணாடியோடு மண்டபத்து மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாமே மைத்திட்டு. எல்லாமே விரல் மாதிரியே இருந்தது. அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. கடைசியில் யாகோதாவின் புத்தகம். பூதக்கண்ணாடி ஒரு பக்கத்தில் நின்றது.

லுட்விக் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இதோ!" என்று எழுந்தார் சாமி. "இதோ இருக்கு! இதுதான் என்னோட முத்திரை! பதினோரு வருஷத்துக்கு முன்ன நான் வாங்கினப்ப அச்சு அசலா இப்படித்தான் இருந்துச்சு! இறக்கை பாருங்க! அலகு பாருங்க!"

லெயோகாதியா அம்மாள் எட்டிப் பார்த்தார். "கால் இருக்கே, சாமி?"

"இருந்துச்சு! தேய்ஞ்சு போயிருக்கு!"

அன்றைய தீர்ப்பு எளிமையானது. நாற்பது புத்தகங்களில் உள்ள எல்லா முத்திரையும் செல்லாது. யாகோதாவின் புத்தகத்திலும் முப்பத்தெட்டு செல்லாது, ஒன்று செல்லும். அந்த ஒன்றை மாதிரியாகக் கொடுத்து நகரத்தில் புது ரப்பர் முத்திரை செய்ய ஆள் போனது. தேதிக் கட்டங்கள் ரத்து. ஜூனுக்குள் எல்லாரும் மறுபடி அறுபது. யாகோதாவுக்கு மட்டும் ஐம்பத்தொன்பது.

"குடும்பமும் கோவிலும் சேர்ந்தா ஒரு பிள்ளை எப்படி வளரும்கிறதுக்கு," என்று சாமி லுட்விக்கின் தோளில் கைவைத்துச் சொன்னார், "இந்தப் பொண்ணுதான் முன்மாதிரி. எழுந்திரும்மா, எல்லாரும் பாக்கட்டும்."

யாகோதா எழுந்து நின்றாள். அவளோடு படிக்கும் கிங்கா முன்வரிசையிலிருந்து திரும்பி, "வாழ்த்துக்கள், புனித யாகோதாவே. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பன்னிரண்டு வாரத்தில் அறுபது முத்திரை என்றால் வாரத்துக்கு ஐந்து பூசை. செவ்வாய்க்கிழமை காலை ஆறரைப் பூசைக்கு அதுவரை மூன்று கிழவிகளும் ஒரு நாயும் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது நாற்பத்தொரு இளைஞர்கள், எழுப்பிக் கூட்டிவர அவர்களைப் பெற்றவர்கள், பெற்றவர்களின் வருகைக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட அலோயிசி. கோவில் நிரம்பி வழிந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து பங்குச் சாமியார்கள் வந்து கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு போனார்கள். ஹொனோரத் சாமி ஆயருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினார். 'விசுவாசத்தின் வசந்தம்' என்பது அதில் ஆறு இடத்தில் வந்தது. புது முத்திரையைத் தலைப்பில் அழுத்திக் குத்தியிருந்தார்.

வீட்டில் யாகோதா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அப்பா, சொல்லிடுங்க."

"ஞானஸ்நானம் முடியட்டும்."

"கிங்கா காலைல அஞ்சரைக்கு எந்திரிக்கிறா. அவளுக்கு ஆஸ்துமா."

"நல்ல காத்துதானே காலைல?"

"உங்களுக்கு வெக்கமே இல்லியாங்க?" என்றாள் பொஷெனா, கரண்டியை வைத்துவிட்டு.

"இருக்கு. அதுக்கு எந்தக் கவுண்டர்ல முத்திரைன்னுதான் தெரியல."

வெட்கம் இருந்தது. ஏப்ரல் முதல் வெள்ளி, பெற்றவர்களும் தங்கள் பச்சைப் புத்தகத்துக்கு மாதாந்திரப் பாவசங்கீர்த்தன முத்திரை வாங்க வேண்டிய நாள். லுட்விக் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டார். வலைக்கு அந்தப் பக்கம் ஹொனோரத் சாமியின் மூச்சு கேட்டது.

"சொல்லு, மகனே."

"சாமி, உருளைக்கிழங்கு."

"திருடினியா?"

"இல்ல. செதுக்கினேன்."

"செதுக்குறது பாவமில்ல, மகனே."

"கோழி செதுக்கினேன். அதாவது புறா. என் பொண்ணு புத்தகத்துல குத்தினேன். அதைத்தான் நீங்க நகரத்துக்கு அனுப்பி..."

வலைக்கு அந்தப் பக்கம் மூச்சு நின்றுபோனது. லுட்விக் பயந்துவிட்டார். "சாமி? சாமி!"

"இருக்கேன்," என்றது குரல், ஆறு அடி ஆழத்திலிருந்து. "நீ இதை ஏன் இங்க வந்து சொன்ன? அலுவலகத்துல வந்து சொல்லியிருக்கலாமே! இங்க சொன்னா நான் யார்கிட்டயும் மூச்சு விட முடியாதே! தெரிஞ்ச மாதிரி முகத்தைக்கூட வச்சுக்க முடியாதே!"

"அதான் சாமி இங்க சொன்னேன்."

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

"நீயே வெளியில வந்து சொல்லிடு, லுட்விக். அதுதான் உனக்குப் பரிகாரம்."

"சொல்லிடுறேன் சாமி. இப்பவே சொல்லவா? எல்லாரும் வெளியிலதான் நிக்கிறாங்க."

"இரு இரு இரு!" குரல் வலைக்கு மிக அருகில் வந்தது. "ஆயருக்குக் கடுதாசி போயிருச்சு. அவரே நேர்ல வந்து பாக்கணும்னு பதில் போட்டிருக்காரு. உண்மையச் சொல்லணும், அதுல சந்தேகமே இல்ல... ஆனா ஆயர் வந்துட்டுப் போகட்டும்."

பிறகு லுட்விக்கின் பச்சைப் புத்தகத்தை வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கோழியைக் குத்தினார்.

அதன்பின் அவருக்கு உடம்பு இளைக்க ஆரம்பித்தது. பூசை முடிந்து நாற்பத்தொரு பிள்ளைகளும் புத்தகத்தை நீட்டும்போது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே குத்தினார். சிலருக்குக் கட்டத்தில் விழும், சிலருக்குக் கையில் விழும். கையில் விழுந்தவர்கள் இரண்டு நாள் கையைக் கழுவாமல் லெயோகாதியா அம்மாளிடம் காட்டிக் கணக்கில் ஏற்றிக்கொண்டார்கள்.

மே கடைசியில் யாகோதாவின் புத்தகம்தான் முதலில் நிரம்பியது. மறுநாள் காலை ஆறரைப் பூசைக்கும் அவள் போனாள். அதற்கடுத்து அலுவலகத்துக்குப் போனாள்.

"இன்னிக்குப் பூசைக்கு எனக்கு ஒரு முத்திரை வேணும், அம்மா."

"உனக்குத்தான் அறுபது ஆயிருச்சே, கண்ணு. புத்தகத்தைக் குடு, பூட்டி வைக்கிறேன்."

"கூடுதலா ஒண்ணு. ஓரத்துல எங்கயாவது."

"நிரம்பின புத்தகத்துல எங்க குத்துறது? அறுபதுக்கு மேல வளர்றதுக்கு இதுல இடமே இல்ல." அலமாரி பூட்டப்பட்டது.

ஜூன் முதல் புதன்கிழமை ஆயர் வந்தார். மாலைதான் உறுதிபூசுதல் பூசை; காலையில் பங்கு மண்டபத்தில் பிள்ளைகளோடு சந்திப்பு. பெற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். நார்வேயிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்த கணவனோடும் குழந்தையோடும் தெக்லாவும் நின்றிருந்தாள். ஆயர் உயரமான மனிதர். கலங்கிய கண்களோடு எழுந்தார்.

"என் மறைமாவட்டத்துல நூற்றிப் பன்னிரண்டு பங்கு இருக்கு. எங்க போனாலும் காலி பெஞ்சு. காலி பெஞ்சுங்க கிட்டயே பிரசங்கம் பண்ணிப் பழகிட்டேன். அதுங்க எதுத்துப் பேசாதுங்க. ஆனா இங்க, செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு நாப்பத்தொரு இளைஞர்கள்! பிள்ளைங்களே, எனக்குச் சொல்லுங்க. இந்தப் பசி உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

லெயோகாதியா அம்மாள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். நாற்பத்தொரு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "எங்கள் குடும்பத்திலிருந்தும் எங்கள் திருச்சபையிலிருந்தும், ஆண்டகையே!"

உண்மையில் நாற்பது பேர்தான் சொன்னார்கள். ஆயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் வைத்திருந்த முன்மாதிரிப் புத்தகத்தை எடுத்தார். கண்ணாடி போட்டார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"இது என்ன பறவை?"

ஹொனோரத் சாமி கூரையைப் பார்த்தார். லுட்விக் தீயணைப்புக் குழாயைப் பார்த்தார்.

"இது யாரு புத்தகம்?"

யாகோதா எழுந்தாள்.

"நீ சொல்லும்மா. என்ன பறவை?"

"கோழிங்க, ஆண்டகையே."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். கிங்காவாக இருக்கலாம், அவளுக்கு ஆஸ்துமா.

"எங்கப்பா உருளைக்கிழங்குல செதுக்கினது. அதைப் பாத்துத்தான் மத்ததெல்லாம் செஞ்சாங்க. பசியெல்லாம் எங்களுக்கு இல்லீங்க. முத்திரை வேணும், அவ்வளவுதான்." அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். "அன்னிக்கு எங்க அத்தைக்குப் பிரசவ வலி. செத்துருவாங்கன்னு நெனச்சேன். ஒம்பது மணிலேருந்து மூணரை வரைக்கும் அவங்க கையப் பிடிச்சுக்கிட்டுச் செபம் பண்ணேன். இந்த வருஷத்துல நான் நெசமா செபம் பண்ணது அந்த ஒரு நாள்தான். அன்னிக்குத்தான் எனக்கு ஆப்சென்ட்."

ஹொனோரத் சாமி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சொத்தைப்பல்லைப் பிடுங்கியவுடன் வருமே, அப்படியொரு நிம்மதி அவர் முகத்தில் பரவியது. ரகசியம் கூண்டுக்கு வெளியே வந்துவிட்டது. இனி அவருக்கும் தெரியலாம். "அட, அப்படியா!" என்றார். அவரை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அந்த ஆச்சரியம் கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

ஆயர் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். "பெரிய நேர்மைம்மா உனக்கு," என்றார் மெதுவாக. பிறகு லெயோகாதியா அம்மாளிடம் திரும்பினார். "நேர்மைக்கு இந்தப் புத்தகத்துல கட்டம் ஏதாவது உண்டா?"

"இல்லீங்க ஆண்டகையே. அடுத்த பதிப்புல சேத்துடலாம்."

"அப்ப நிலைமை என்ன?"

"கோழியா இருந்தாலும் சாமி கையால நல்லெண்ணத்தோட குத்தினது செல்லும். நாப்பது பேருக்கும் அறுபது. உருளைக்கிழங்கால குத்தினது செல்லாது. அதனால இந்தப் பொண்ணுக்கு ஐம்பத்தொன்பது."

லுட்விக் சுவரை விட்டு நகர்ந்து முன்னால் வந்தார். "தப்பு நான் பண்ணேன்யா, அவ பண்ணல. இன்னிக்குச் சாயங்காலப் பூசைக்கு ஒரு முத்திரை போட்டா அறுபது ஆயிரும்ல?"

"உறுதிபூசுதல் பூசைக்கான முத்திரை, உறுதிபூசுதல் வாங்கினவங்களுக்குத்தான்," என்றார் லெயோகாதியா அம்மாள். "வாங்காதவங்களுக்கு எப்படிக் குத்துறது?"

"அவ ஒரு நாள் கூடுதலா வந்தாளே! நீங்கதானே குத்த மாட்டேன்னீங்க!"

"நிரம்பின புத்தகம் அது."

"இப்பதான் நிரம்பலைன்னு சொன்னீங்க!"

"இப்ப நிரம்பல. அன்னிக்கு நிரம்பியிருந்துச்சு."

ஆயர் கையை உயர்த்தி இருவரையும் அமர்த்தினார். விதிமுறை என்பது அன்பின் இன்னொரு வடிவம் என்று சொன்னார். இளைஞர்களை இழக்கத் திருச்சபையால் முடியாது என்றார். அதனால் இந்த விஷயத்தை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்படும். அடுத்த முறை அவர் த்ரோஸ்தோவா வரும்போது, அதாவது இரண்டு வருஷத்தில், யாகோதா முழு வளர்ச்சியோடு வந்து நிற்கலாம். லுட்விக்குக்குத் தனியாக ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் கொடுக்கப்பட்டது. மனம் திரும்புவதற்கு, முப்பது கட்டம்.

வெளியே வந்ததும் லுட்விக் மகள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கார்ச் சாவியைத் தேடினார்.

"ரெண்டு வருஷம் தள்ளி வைக்கலாமா, தெக்லா?"

"அவரு அடுத்த திங்களுக்கு நார்வே போகணும்ணே. அடுத்த லீவு எப்பன்னு அவருக்கே தெரியாது."

"நீ வேற ஆளைப் பாரு அத்தை," என்றாள் யாகோதா. "பரவால்ல." அதைச் சொன்ன குரலை லுட்விக் அதற்கு முன் கேட்டதில்லை.

நாலு நாள் இருந்தது. ஞானத்தகப்பனாக வர இருந்தவன் நார்வேக்கார நண்பன், லூத்தரன் சபை. அவன் சாட்சியாக நிற்கலாம், அவ்வளவுதான். ஆகவே ஞானத்தாய் கட்டாயம் வேண்டும். தெக்லாவின் தோழி ஒருத்தி கல்யாணமில்லாமல் ஒருவனோடு குடியிருந்தாள். இன்னொருத்தியின் சான்றிதழ் வேறு பங்கில் இருந்தது, வர மூன்று வாரம். மூன்றாமவள் ஈஸ்டருக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ததற்குச் சீட்டு இல்லை. சனிக்கிழமை மதியம், காகிதம் எல்லாம் சரியாக உள்ள பெண் த்ரோஸ்தோவாவில் ஒரே ஒருத்திதான் என்பது தெளிவானது. தெக்லா அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். லெயோகாதியா அம்மாள் தன் சான்றிதழ்களைத் தானே சரிபார்த்து, தானே கையெழுத்திட்டு, தானே வாங்கி வைத்துக்கொண்டார்.

ஞாயிறு பன்னிரண்டு மணி. ஞானஸ்நானத் தொட்டிக்கு அருகே குழந்தையை அவர் கையில் கொடுத்தார்கள்.

"இதுக்கு என்ன பேரு?" என்று பக்கத்தில் நின்ற லுட்விக்கிடம் கிசுகிசுத்தார்.

"கலினா."

"பொண்ணா?"

நனைந்த அலுவலகக் கோப்பைப் பிடிப்பதுபோல் கையை நீட்டி, உடம்பில் படாமல் பிடித்திருந்தார். குழந்தை ஒரு நொடி அவர் கண்ணாடியைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. அப்படியொரு அழுகையை அந்தக் கோவில் கேட்டதில்லை. கூரையிலிருந்த உண்மையான புறாக்கள் இரண்டு பறந்து வெளியேறின. ஹொனோரத் சாமி செபத்தைச் சத்தமாகச் சொன்னார், இன்னும் சத்தமாகச் சொன்னார், பிறகு நிறுத்திவிட்டார். தெக்லா கையை நீட்டினாள். தாய் தூக்கக்கூடாது, ஞானத்தாய்தான் தூக்க வேண்டும் என்று லெயோகாதியா அம்மாள் தலையசைத்தார். குழந்தை நீலம் பாரிக்க ஆரம்பித்தது.

மூன்றாவது பெஞ்சிலிருந்து யாகோதா எழுந்தாள். லுட்விக் அவள் சட்டைக் கையைப் பிடிக்கத்தான் கையை நீட்டினார். இன்னும் என்ன புத்தகம் கொடுப்பார்களோ என்ற பயம். அவள் அவரைக் கடந்து போய், லெயோகாதியா அம்மாளிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். முதுகில் இரண்டு தட்டு. விக்கல். அமைதி.

ஹொனோரத் சாமி லெயோகாதியா அம்மாளைப் பார்த்தார். லெயோகாதியா அம்மாள் பதிவேட்டைப் பார்த்தார்.

"ஏட்டுல என் பேருதானே, சாமி?"

"உங்க பேருதான்."

"அப்ப சரி. யாரு தூக்குனா என்ன?" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலிக்கிறதென்று முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஹொனோரத் சாமி கிண்ணத்தில் தண்ணீரை மொண்டார்.

"தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடிம்மா," என்றார் யாகோதாவிடம்.